கணினிக்கு வந்த கிராமக் கணக்கு: ஜமாபந்திக்கு முன் பார்க்க வேண்டியவை

நமக்கு வருடம் சித்திரையில் பிறக்கிறது. கிராமக் கணக்குக்கோ ஜூலை முதல் தேதி பிறக்கிறது. அதுதான் பசலி ஆண்டு. 2025 ஜூலையில் தொடங்கியது 1435ஆம் பசலி. பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். அக்பர் காலத்தில் அறுவடையை ஒட்டி வகுத்த இந்தக் கணக்கு, பட்டா கணினிக்கு வந்த பின்னும் மாறவில்லை. நிலவரி ரசீதும் அடங்கலும் பசலிப்படியே எழுதப்படுகின்றன. வருடாந்திரத் தணிக்கையான ஜமாபந்தியும் நின்றுவிடவில்லை.

மாறியவை வேறு. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1979 முதல் 1987 வரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. அதில் ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது. பிறகு அந்தப் பதிவேடுகளைப் பார்த்தே கணினியில் ஏற்றினார்கள். ஆகவே, தாளில் இருந்த பிழையும் கூடவே ஏறிவிட்டது. அச்சிட்ட பட்டா என்பதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று விவசாயிகள் நம்பிவிடக் கூடாது.

இ-சேவை மையத்திலோ வருவாய்த் துறை இணையதளத்திலோ பட்டா நகல் எடுத்துப் பாருங்கள். பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு நான்கையும் கிரயப் பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு ஹெக்டேர் என்பது 100 ஏர், அதாவது 2 ஏக்கர் 47 சென்ட். பட்டாவில் 0-40.50 என்றிருந்தால் ஒரு ஏக்கர். 0-04.05 என்றிருந்தால் வெறும் பத்து சென்ட்! ஒரு புள்ளி இடம் மாறினாலும் நிலம் சுருங்கிவிடும். தகப்பனார் காலமான பின்னும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் வைத்து மாற்றிக்கொள்வது நல்லது.

அடங்கல் விஷயம் வேறு. வயலில் நிற்பது நெல்லா, உளுந்தா என்பது கணினிக்குத் தானாகத் தெரியாது. யாராவது பார்த்துப் பதிய வேண்டும். பயிர் நிற்கும்போது அடங்கலில் தரிசு என்றிருந்தால் கூட்டுறவுக் கடன், பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம், நெல் கொள்முதல் எல்லாவற்றுக்கும் அலைச்சல்தான். அறுவடைக்குப் பிறகு போய்ச் சொன்னால் நிரூபிப்பது கடினம். நடவு முடிந்ததுமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஜமாபந்தி பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. கிராமவாரியாகத் தேதி அறிவிப்பார்கள். பத்திர நகல், பழைய பட்டா, வரி ரசீதுகளுடன் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். மேம்பாட்டுத் திட்டத்தின்போதே நேர்ந்த பிழையானால் மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுச் செய்ய வேண்டும். அங்கே திட்டத்துக்கு முந்தைய ஆவணம் கேட்பார்கள். கணினிப் பட்டா வந்துவிட்டதே என்று, பரணில் இருக்கும் தாத்தா காலத்து ரசீதுகளை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.