குஞ்சு காக்கும் விராலுக்குக் குறி! தவளையைக் காட்டி தூண்டிலில் மாட்டுகிறார்கள்

கீழ்வேளூர்:-

"தண்ணி வந்துட்டுதாம்!"

இந்த ஒரு பேச்சு கிளம்பினால் போதும். கீழ்வேளூர் வட்டாரத்தில் பறி, வலை, தூண்டில் எல்லாம் பரணை விட்டு இறங்கிவிடும். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற நேரம்தான் மீனுக்குப் பிரசவ நேரம். அந்த நேரம் பார்த்துத்தான் வேட்டையும் நடக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் இருப்பைப் பொறுத்து தேதி மாறும். 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. கல்லணையைத் தாண்டி கடைமடையான கீழ்வேளூருக்கு அந்தத் தண்ணீர் வந்து சேர மேலும் பல நாள் பிடிக்கும்.

எதிர்நீச்சல்

காய்ந்து கிடந்த வாய்க்காலில் புதுத்தண்ணீர் புரண்டதும், குளம் குட்டையில் ஒடுங்கிக் கிடந்த மீன்கள் கிளம்பிவிடுகின்றன. வயிறு நிறைய சினையோடு தண்ணீரை எதிர்த்து ஏறுகின்றன. கெண்டை, கெளுத்தி, குரவை எல்லாம் மடை வழியாக வயலுக்குள் புகுந்துவிடும். அங்கே ஆழம் இல்லை. புழு பூச்சிக்குப் பஞ்சம் இல்லை. குஞ்சு வளர அதைவிட நல்ல இடம் கிடையாது. ஐப்பசி அடைமழையிலும் இதே கதைதான்.

ஆனால் ஏறுகிற வழி குறுகல். மடைவாயில் பறியை வைத்து, ஓரத்தைச் சேறு போட்டு அடைத்துவிட்டால் தப்புவது கஷ்டம். விடிந்ததும் பறியைத் தூக்கினால் சினை மீனாகக் கொட்டும். "சினை மீன்னா ருசியே தனிதான்" என்று குழம்புச் சட்டிக்குப் போய்விடும். முட்டையும் போச்சு, மீனும் போச்சு!

தாயும் தகப்பனும் காவல்

இதில் விரால் கதை வேறு. கெண்டை முட்டை போட்டதோடு சரி, திரும்பிப் பார்க்காது. விரால் அப்படி இல்லை. ஜோடி சேர்ந்து, கரையோரம் பாசியையும் செடியையும் விலக்கி வட்டமாக இடம் ஒதுக்கும். முட்டைகள் தண்ணீர் மேல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் செக்கச்செவேல் என்று இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும். காற்று குடிக்க அவை மேலே வரும்போது தண்ணீர் கொதிக்கிற மாதிரி தெரியும்.

அடியில் காவல் நிற்பது தாயும் தகப்பனும். முக்கிய காவல் தகப்பன்தான். பாம்பு வந்தாலும் சரி, தவளை வந்தாலும் சரி, பாய்ந்து விரட்டும். சில வாரம் இந்தக் காவல்.

இந்தப் பாசத்தைத்தான் தூண்டில்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சிவப்புக் குஞ்சு கொதிக்கிற இடத்தில், தூண்டிலில் தவளையைக் கோத்து நடுவே ஆட்டுவார்கள். விராலுக்குப் பசியே இல்லாவிட்டாலும் குஞ்சைக் காப்பாற்றப் பாய்ந்து கவ்வும். அவ்வளவுதான்! அப்பன் போன பிறகு ஆத்தாளும் அதே தூண்டிலில் மாட்டும். அதன்பிறகு அந்தக் குஞ்சுகளுக்கு நாதி ஏது? கொக்கு, தண்ணீர்ப்பாம்பு, மற்ற மீன்கள் எல்லாம் விருந்து சாப்பிட்டுவிடும்.

கிராக்கி

விராலுக்கு எப்போதும் கிராக்கி. உயிரோடு விற்கலாம். தண்ணீருக்கு வெளியிலும் காற்றைக் குடித்து வெகுநேரம் தாக்குப் பிடிக்கும். மலேசியாவில் இதற்கு ஹாருவான் என்று பெயர். ஆபரேஷன் ஆனவர்களுக்குப் புண் ஆறட்டும் என்று அங்கே சமைத்துக் கொடுக்கிறார்கள்.

பழைய புகார்

இந்தப் புகார் இன்று நேற்று கிளம்பியது அல்ல. சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த பிரான்சிஸ் டே என்ற வெள்ளைக்காரர், நன்னீர் மீன்கள் பற்றி 1873-ல் அரசுக்கு அறிக்கை கொடுத்தார். சினை மீனையும் குஞ்சையும் அழிக்கிறார்கள் என்று அப்போதே முறையிட்டார். 1897-ல் மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைப்பதும் விஷம் கலப்பதும் குற்றம் என்றது. எந்த வலை, என்ன அளவு என்று விதி போடவும் அதில் இடம் இருந்தது. இப்போது கரண்டு வைத்துப் பிடிக்கும் ஆசாமிகளும் முளைத்துவிட்டார்கள். அதில் பெரிசு சிறிசு எதுவும் மிஞ்சாது. வைத்தவன் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை.

பக்கத்து நாகப்பட்டினத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனப்பெருக்கத்துக்காகத் தடை. கேரளாவில் மழைக்கு ஏறும் சினை மீனைப் பிடிக்கவும் தடை உண்டு. கீழ்வேளூர் வாய்க்காலிலோ புதுத்தண்ணீர் வந்த அன்றே பறி இறங்கிவிடுகிறது.

நஷ்டம் யாருக்கு?

வேலை இல்லாத நாளில் கூலிக்காரர் வீட்டுக் குழம்புக்கு மீன் கொடுப்பது இந்த வாய்க்காலும் வயலும்தான். காசு கொடுத்து விரால் வாங்க அவர்களால் ஆகுமா? குஞ்சு போனால் முதல் அடி அவர்கள் சட்டிக்குத்தான்.

பெரிய தியாகம் ஒன்றும் வேண்டாம். புதுத்தண்ணீர் வந்த முதல் சில நாள் மடைவாயை மீனுக்கு விட்டுக்கொடுத்தால் போதும். சிவப்புக் குஞ்சு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம். சிவப்பு மறைந்து குஞ்சுகள் பிரிந்து போனதும் அதே விராலைப் பிடிக்கலாம்.

அதற்குள் அது ஓடிவிடாது. அதே வாய்க்காலில்தான் இருக்கும்!