சலவை இயந்திரத்திற் பூஞ்சணம்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. கிணற்றடிக் கல்லில் துவைத்து, கொடியிலே வெயிலுக்கு விரித்த காலத்தில், உடையோடு துவைகல்லும் சேர்ந்து உலர்ந்தது. இன்று பல வீடுகளில் துவைகல்லின் இடத்தைச் சலவை இயந்திரம் பிடித்துக்கொண்டது. ஆயினும், அதனையும் உலரவிட வேண்டும் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம். மாரிகாலத்தில் ஒரு நாள், துவைத்தெடுத்த பள்ளிச் சட்டையிலே ஈரச் சாக்கின் வாடை வீசும்போதுதான் அது நினைவுக்கு வருகிறது. உடனே சலவைத் தூளை அள்ளிக் கொட்டுகிறோம். வாடையோ இன்னும் கூடுகிறது. காரணம் என்ன?

பூஞ்சணத்தின் உணவு

பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்தது. ஈரமும் இளஞ்சூடும் உணவும் இருந்தால் அது எங்கும் வளரும். முன்புறம் கதவுள்ள இயந்திரத்தில் இம்மூன்றும் உண்டு. நீர் கசியாதபடி வாயிலில் அமைந்த இறப்பர் வளையத்தின் மடிப்புகளில், சலவை முடிந்த பின்னும் நீர் தேங்கி நிற்கும். கதவை அடைத்துவிட்டால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. கரையாத சலவைத் தூளும், உடையிலிருந்து கழன்ற எண்ணெய்ப் பிசுக்கும், துணியை மிருதுவாக்கும் திரவத்தின் கொழுப்புப் படிவும் பூஞ்சணத்துக்கு உணவாகின்றன. ஆகவே, மிதமிஞ்சித் தூள் இடுவது அதற்கு விருந்திடுவதாகும். கையால் துவைப்பதற்கென விற்கப்படும் தூள் மிகுதியாக நுரைப்பதால், அதனை இவ்வகை இயந்திரத்தில் இடலாகாது.

பூஞ்சணத்தின் நுண்வித்துகள் காற்றிற் பரந்து மூக்கினுட் புகுந்தால், ஆஸ்துமா என்னும் இழுப்பு உள்ளவர்களுக்கு வருத்தம் கிளம்பலாம். எனவே, இதனை வெறும் வாடையென்று எண்ணி விட்டுவிடலாகாது.

அகற்றும் முறை

முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். கைக்கு இறப்பர் உறை அணிந்து, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு இருபது பங்கு நீர் கலந்து, துணியில் நனைத்து, வளையத்தின் மடிப்புகளை விரித்துத் துடையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து நல்ல நீரால் துடைத்து உலர்த்துங்கள். தூளிடும் தட்டை வெளியே இழுத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். அடியிலுள்ள வடிகட்டியையும், கீழே ஒரு தட்டம் வைத்துக்கொண்டு, மெல்லத் திறந்து துப்புரவாக்குங்கள். இயந்திரத்தினுள் சுடுநீர் இருக்கும்போது அதைத் திறத்தல் ஆபத்து.

பின்னர் மீண்டும் மின் இணைப்பைக் கொடுத்து, உடை எதுவுமின்றி, 60 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் ஒருமுறை ஓடவிடுங்கள். இதனை மாதம் ஒருமுறை செய்தல் நன்று. கறுப்புக் கறை சிறிது எஞ்சினும் அஞ்ச வேண்டாம். பூஞ்சணம் மடிந்த பின்னும் இறப்பரில் ஊறிய நிறம் நிற்பதுண்டு. வளையம் வெடித்திருந்தால் மாற்றுவதே வழி.

ஓர் எச்சரிக்கை

வெளிற்றும் திரவத்தோடு வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ ஒருபோதும் கலக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். 1915ஆம் ஆண்டு, முதலாம் உலகப் போரில், பெல்ஜியத்து ஈப்பர்ப் போர்க்களத்திலே ஜேர்மன் படையினர் எதிரிகள்மீது ஏவிய நச்சுவாயு இதுவே. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரால் வெண்படிவு ஏற்படும் வீடுகளில், அதனைக் கரைக்க வினாகிரியைப் பயன்படுத்த விரும்பின், வேறொரு நாளில், இயந்திரத்தை நன்கு அலசிய பின்னரே செய்ய வேண்டும்.

வருமுன் காத்தல்

துவைத்த உடைகளை உடனே வெளியே எடுங்கள். வளையத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். கதவையும் தூள் தட்டையும் சிறிது திறந்து விடுங்கள். ஆனால், சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மிகுந்த கவனம் வேண்டும். விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தைகள், கதவு மூடிக்கொண்டதால் மூச்சடைத்து மாண்ட துயரங்கள் வெளிநாடுகளில் நிகழ்ந்துள்ளன. ஆகையால், பெரியவர் அருகில் நிற்கும்போது மட்டும் கதவைத் திறந்து உலரவிட்டு, பின் மூடிவிடுங்கள். அல்லது அந்த அறையையே பூட்டி வையுங்கள்.

ஈரம் துடைக்க இரண்டு நிமிடம் போதும். அவ்வேலையையும் தாயின் தலையிலேயே சுமத்த வேண்டுமா? தன் சட்டையை எடுக்க வரும் மாணவன், ஒரு துணியோடு வந்தாற் போதுமே!