மிருதங்கத்தின் கணிதம்

வீணையின் தந்தியை மீட்டினால் நாதம் எழுகிறது. ஒரு சட்டியின் வாயில் தோலை இழுத்துக் கட்டித் தட்டினாலோ வெறும் ஓசைதான் எழுகிறது. இரண்டும் அதிர்வுதானே? பின் இந்த வேற்றுமை எதனால்? விடை கணித சாஸ்திரத்தில் இருக்கிறது. கணிதம் என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்!

பள்ளிக்கூடத்துச் சமன்பாடு ஓர் எண்ணைக் கண்டு சொல்வதோடு நின்றுவிடும். அதிரும் தந்தியின் நிலையோ இடத்துக்கு இடம் வேறு, கணத்துக்குக் கணம் வேறு. இடம், காலம் ஆகிய இரண்டையும் ஒருங்கே கணக்கிட ஏற்பட்டதே பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. 1747-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மேதை தாலம்பேர் தந்தியின் அலைச் சமன்பாட்டை ஆராய்ந்து விடை கண்டார். அதன் சாரம் இதுதான்: தந்தி எவ்விடத்தில் அதிகமாக வளைந்திருக்கிறதோ, அவ்விடம் அவ்வளவு கடுமையாக நிமிர விரைகிறது.

இரு முனையும் கட்டுண்ட தந்தியில், ஆதார சுரத்தோடு அதன் 2, 3, 4 மடங்கு அதிர்வுள்ள மேற்சுரங்களும் எழும் என்பது இச்சமன்பாட்டின் முடிவு. முழு எண் மடங்குகளாதலால் அவை ஒன்றோடொன்று இழைகின்றன. வட்டமான தோலுக்கு இதே கணக்கைப் போட்டால் 1.59, 2.14, 2.30 மடங்கு என்று இணங்காத சுரங்களே வருகின்றன. ஆகவே தோல் வாத்தியத்தில் சுருதி கூடாது என்றல்லவா ஏற்படுகிறது?

ஆனால் நம் மிருதங்கத்தில் சுருதி கூடுகிறதே! ஸி. வி. ராமன் தம் சகாவான எஸ். குமாருடன் 1920-இல் 'நேச்சர்' பத்திரிகையில் இவ்விந்தையை உலகுக்கு அறிவித்தார். 1934-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இன்னும் விரிவாக விளக்கினார். வலந்தலைத் தோல் ஒன்பது விதமாக அதிர்ந்தாலும், அவையெல்லாம் 1 முதல் 5 வரையுள்ள முழு எண் சுரங்கள் ஐந்தில் அடங்கிவிடுகின்றன.

காரணம் நடுவிலுள்ள கரணை. சோற்றுடன் கற்பொடியைக் குழைத்து, படலம் படலமாகத் தேய்த்து, தட்டித் தட்டிச் செவியால் சோதித்து அதை இடுகிறார்கள். தோலின் கனம் எங்கும் ஒன்றே என்று கொண்டால்தான் முற்கூறிய முடிவு பொருந்தும். கணிதம் பொய்க்கவில்லை, அந்த நிபந்தனையையே தொழிலாளி மாற்றிவிட்டார்.

தாலம்பேரின் பெயர் நூல்களில் நிற்கிறது. கச்சேரி விளம்பரத்தில் வித்வானின் பெயர் வருகிறது. தோலைப் பதப்படுத்திக் கரணையிட்டவரின் பெயரை மட்டும் நாம் கேட்டறிவதில்லை. அடுத்த முறை தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டும்போது, அவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை நினைவு கொள்வோமாக.