செண்பகனூரிலிருந்து உலகம் சுற்றிய குச்சிப்பூச்சி

திருச்சி மாவட்டத்துத் தொட்டியத்தில் வாழைக்குப் பாயும் காவிரியில் பழநி மலைத் தண்ணீரும் இருக்கிறது. மழை பெய்தால் அது சண்முகநதி வழியாக அமராவதியில் சேர்ந்து, கரூர் பக்கம் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலந்துவிடும். அதே மலையில் பிறந்து உலக ஆய்வுக்கூடங்களை எட்டிய ஓர் உயிர் உண்டு. இந்தியக் குச்சிப்பூச்சி என்பார்கள். அறிவியல் பெயர் கராசியஸ் மொரோசஸ்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் 1895இல் இயேசு சபைக் கல்லூரி தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அவ்வூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன பூச்சிகளை ஆராய்ந்து, சினேத்தி என்ற இயேசு சபைத் துறவி 1901இல் இந்த இனத்தை விவரித்தார்.

அது இவ்வளவு தூரம் பரவக் காரணம், ஆண் துணையே தேவையில்லை என்பதுதான். கருவுறாத முட்டையிலிருந்தே பெண் பூச்சிகள் பொரிக்கும். வளர்ப்பில் ஆண் வருவது மிக அபூர்வம். தாய் முட்டையை எங்கும் ஒட்டிவைப்பதில்லை, இருந்த இடத்திலிருந்தே கீழே உதிர்த்துவிடுகிறது. கடுகைவிடச் சற்றுப் பெரிய பழுப்பு முட்டை, நுனியில் மஞ்சள் நிறக் குமிழ். சில குச்சிப்பூச்சி இனங்களில் இந்தக் குமிழுக்காகவே எறும்புகள் முட்டையைப் புற்றுக்குத் தூக்கிப்போகும். குமிழைத் தின்றபின் முட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும்.

வளர்ந்த பெண் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர். பகலில் முன்னங்கால்களைத் தலைக்கு முன்னே நீட்டி, அசையாமல் கிடக்கும். தொட்டால் பொத்தென்று விழுந்து விறைத்துக்கொள்ளும். அதற்கும் தொந்தரவு நிற்காவிட்டால் முன்னங்கால்களை விரிக்கும். அடியில் ரத்தச் சிவப்பு பளிச்சிடும். இருட்டினால் உடல் நிறம் கறுக்கும், இரை தேடக் கிளம்பும்.

அறிவியலுக்கு அது தந்த பெரிய கொடை நடைதான். ஆறு கால்களையும் மூளை ஒவ்வொன்றாக ஏவுவதில்லை. பக்கத்துக் கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே ஒவ்வொரு காலும் எழுகிறது, ஊன்றுகிறது. ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் ஹோல்க் க்ரூஸ் குழு இதை விதிகளாக வகுத்தது. அவ்விதிகளில் ஆறுகால் ரோபோக்களும் நடந்தன.

தாய்மண்ணில் நிலைமை வேறு. பழநி மலையின் சோலைக்காடும் புல்வெளியும் வாட்டில், யூகலிப்டஸ் மரங்களுக்கு இடம் விட்டுச் சுருங்கிவிட்டன. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் இந்தப் பூச்சி வாழ்வது பற்றி நூறாண்டு ஆய்வுகள் குவிந்திருக்க, காட்டு வாழ்க்கை பற்றிய பதிவுகள் விரல்விட்டு எண்ணும் அளவே. திருச்சிக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வுப் பொருள் எது? வன இலாகா அனுமதி பெற்று, மழை ஓய்ந்த இரவில் டார்ச்சோடு, ஓரம் கடிபட்ட இலைகளிலிருந்து தேடத் தொடங்கலாம்.