மறுமுனையில் யார்?

பக்கத்து இருக்கையில் இயந்திரம் – 9

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்றொருவர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்துவிட்டு, ஈமச்சடங்குக்கு ஏற்பாடு செய்துதரும் தொழிலில் இறங்கியவர். ஊரில் யாராவது இறந்துபோனால் அவருக்கு போன் வர வேண்டும். வரவில்லை. அதே தொழிலில் இருந்த போட்டியாளரின் மனைவிதான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ‘ஸ்ட்ரோஜருக்கு லைன் கொடுங்கள்’ என்று கேட்பவர்களையெல்லாம் அந்த அம்மாள் தன் வீட்டுக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று ஸ்ட்ரோஜர் கொதித்தாராம். கதை இப்படித்தான் வழங்குகிறது. கோபம் எங்கே தொடங்கியதோ, போய் நின்ற இடம் காப்புரிமை அலுவலகம். நடுவில் ஆள் இல்லாமல், கூப்பிடுகிறவரே தனக்கு வேண்டிய இணைப்பைப் பெறும் தானியங்கி எக்ஸ்சேஞ்சுக்கு 1891ல் அவர் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அது ஓடத் தொடங்கியது.

ஆபரேட்டர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விடவில்லை. அமெரிக்கத் தொலைபேசித் துறையைக் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம் வெகுகாலம் இந்தக் கருவியைச் சீந்தவில்லை. பெரிய நகரங்களை டயல் முறைக்கு மாற்றும் வேலையை அது தொடங்கியபோது 1919 ஆகிவிட்டது. அதற்குள் சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்து பிளக்கைப் பிடுங்கிச் செருகும் வேலை, இளம்பெண்களுக்குக் கிடைக்கும் முக்கியமான வேலைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. 1920க்கும் 1940க்கும் இடையில் அந்த நிறுவனத்தின் வலைப்பின்னலில் பாதிக்கு மேல் இயந்திரமானது.

அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? ஜேம்ஸ் ஃபைகன்பாம், டேனியல் கிராஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் புரட்டி இதற்கு விடை தேடினார்கள். ஓர் ஊரில் டயல் முறை வந்ததும் இளம் ஆபரேட்டர்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் சரிந்தது. ஏற்கெனவே அந்த வேலையில் இருந்தவர்களில் பலர் பத்து ஆண்டு கழித்துக் குறைந்த சம்பள வேலைக்கு இறங்கியிருந்தார்கள், அல்லது வேலையே இல்லாமல் இருந்தார்கள். ஆனால் அடுத்து வேலைக்கு வந்த பெண்களுக்குப் பெரிய பாதகம் இல்லை. அவர்கள் செயலாளர் வேலைக்கும் உணவக வேலைக்கும் போய்விட்டார்கள்.

உள்ளே இருந்தவர்கள் அடிபட்டார்கள், வாசலில் நின்றவர்கள் தப்பித்தார்கள். இந்த வாரக் கதை முழுக்க இந்த வரியோடுதான் மல்லுக்கு நிற்கப்போகிறது.

நம் ஊரிலும் இதன் சிறு பதிப்பு ஓடியது. டிரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. 1960ல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு வந்தது. பின்னாளில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன. ஆபரேட்டர் போன இடத்தில் பூத்துக்காரர் வந்தார். செல்போன் வந்ததும் அவரும் ஜெராக்ஸுக்கும் ரீசார்ஜுக்கும் மாறினார். குரலும் தொலைபேசியும் சேர்ந்து பிழைப்பாகும் இடம் அதன்பின் கால் சென்டருக்கு நகர்ந்தது.

திரையோரத்தில் ஒரு யோசனை

2020, 2021 வாக்கில், சாட்ஜிபிடி என்ற பெயரையே வெளியுலகம் கேள்விப்படாத நேரத்தில், சிறு தொழில்களுக்கு மென்பொருள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்று தன் சேவை ஏஜென்ட்டுகளின் திரையில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) உதவியாளர் ஒன்றை உட்கார வைத்தது. ஏஜென்ட்டுகளில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸில் இருந்தவர்கள். வேலை, சாட்டில் பதில் சொல்வது.

அவர்கள் இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம். மறுமுனையில் ஒரு கடைக்காரர், சம்பளக் கணக்கு சரியாக வரவில்லை என்று எகிறிக்கொண்டிருக்கிறார். ஏஜென்ட் கீபோர்டில் விரல் வைப்பதற்குள் திரையோரத்தில் யோசனை வந்துவிடுகிறது: முதலில் இப்படித் தணிவாகச் சொல், அடுத்து இதைக் கேள், இதோ அதற்கான உதவிப் பக்கம். எடுத்துக்கொள்வதும் தள்ளிவிடுவதும் ஏஜென்ட் இஷ்டம். கடைக்காரருக்கு இது எதுவும் தெரியாது. அவரைப் பொறுத்தவரை மறுமுனையில் இருப்பது ஒரு மனிதர்தான்.

எரிக் பிரின்யால்ஃப்சன், டேனியெல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகிய மூவரும் இங்கே நடந்ததை அளந்தார்கள். 2023ல் வெளியான ஆய்வின் முதல் வடிவில் 5,179 ஏஜென்ட்டுகளின் தரவு இருந்தது. ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் பிரச்சினைகளின் எண்ணிக்கை சராசரியாக 14 சதவீதம் கூடியது. புதிதாக வந்தவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். இரண்டு மாத அனுபவம் உள்ளவர், உதவியாளரின் துணையோடு, ஆறு மாத அனுபவம் உள்ளவருக்கு ஈடாக வேலை செய்தார். வாடிக்கையாளர்களின் வசவு குறைந்தது. ‘உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க’ என்ற கோரிக்கையும் குறைந்தது. வேலையை விட்டு ஓடும் புதியவர்களும் குறைந்தார்கள்.

நெடுநாள் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு? கிட்டத்தட்ட ஒன்றும் கூடவில்லை.

காரணம் எளிது. அந்த உதவியாளர் பாடம் படித்ததே அவர்களிடம்தான். பழைய உரையாடல்களை இயந்திரத்துக்குக் கொடுத்தபோது, கெட்டிக்கார ஏஜென்ட்டுகளின் உரையாடல் எவை என்பதையும் சேர்த்தே கொடுத்திருந்தார்கள். எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்பது, எந்தக் கேள்வியைக் கேட்டால் பிரச்சினையின் முடிச்சு சட்டென்று அவிழும் என்பதெல்லாம் எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் கிடையாது. சமையலில் கைப்பக்குவம் என்போமே, அதுபோல. பாட்டியின் ரசத்துக்கு அளவு கேட்டால் ‘கண்ணளவுதான்’ என்பார். அந்தக் கண்ணளவை அவர் அறியாமலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, நேற்று அடுப்படிக்கு வந்தவருக்கு ஒரு பொறி சொல்லிக்கொடுக்கிறது. புதியவர்கள் எழுதும் நடைகூட மூத்தவர்களின் நடையை நோக்கி நகர்ந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இடையில் மென்பொருள் சில நேரம் படுத்துவிட்டபோதும், அதோடு பழகியிருந்தவர்கள் முன்னைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். ஆக, வெறும் ஈயடிச்சான் காப்பி அல்ல, கொஞ்சம் கற்றும் இருக்கிறார்கள்.

சரி, பக்குவத்தைக் கொடுத்தவருக்கு என்ன கூலி? ஆய்வாளர்களே இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டு நிற்கிறார்கள். பாடலாசிரியருக்கு ராயல்டி என்று ஒன்று உண்டு. சாட் ஏஜென்ட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

எழுத்தோடு நிற்காமல் இது குரலுக்கும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் இந்தியக் கால் சென்டர்களில் சேர்ந்தவர்கள் ‘வி’யையும் ‘டபிள்யூ’வையும் பிரித்து உச்சரிக்க வாரக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். இப்போது சானாஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள், பேசும்போதே உச்சரிப்பை மாற்றி மறுமுனைக்கு அனுப்புகிறது. உலகின் மிகப்பெரிய கால் சென்டர் நிறுவனங்களில் ஒன்றான டெலிபெர்ஃபார்மன்ஸ், இந்தியாவில் உள்ள ஏஜென்ட்டுகளுக்கு இதைப் பயன்படுத்துவதாக 2025ல் அறிவித்தது.

எழுநூறு பேரின் வேலை

உதவியாளரைப் பக்கத்தில் உட்கார வைப்பது ஒரு வழி. ஆளை எழுப்பிவிட்டு உதவியாளரையே இருக்கையில் வைப்பது இன்னொரு வழி. ஸ்வீடனின் கிளார்னா இரண்டாவது வழியில் போனது. ‘இப்போது வாங்கு, பிறகு பணம் கொடு’ என்ற கடன் வசதியை இணையக் கடைகளில் தரும் நிறுவனம் அது.

2024 பிப்ரவரியில் கிளார்னா ஒரு கணக்கை வெளியிட்டது. ஓப்பன்ஏஐ துணையோடு செய்த தன் சாட்பாட் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கையாண்டது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அது 700 முழுநேர ஏஜென்ட்டுகளின் வேலைக்குச் சமம். 11 நிமிடம் பிடித்த விஷயம் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. மனிலாவிலிருந்து சென்னைவரை கால் சென்டர் முதலாளிகள் அந்தச் செய்தியை இரண்டு முறை படித்திருப்பார்கள். பிலிப்பைன்ஸில் மட்டும் இந்தத் துறையை நம்பி 17 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

பதினைந்து மாதம் கழித்து அதே நிறுவனத்தின் தலைவர் செபாஸ்டியன் சீமியட்கோவ்ஸ்கி சுருதியைக் கொஞ்சம் இறக்கினார். செலவுக்கு அளவுக்கு மீறி முக்கியத்துவம் கொடுத்துவிட்டோம், தரம் இறங்கியது என்றார். மனிதரிடம் பேச விரும்பும் வாடிக்கையாளருக்கு மனிதர் கிடைக்க வேண்டும் என்று மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார். ஆனால் எப்படிப்பட்ட வேலைக்கு என்பதைப் பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தபடி, டாக்ஸி செயலி ஓட்டுநரைப்போல, வேண்டிய நேரத்தில் லாகின் செய்து செய்யும் வேலை. சாட்பாட்டும் போகவில்லை. மனிதர் திரும்பி வந்தார்; பழைய வேலை திரும்பி வரவில்லை.

யார் சொன்ன சொல்?

இயந்திரம் தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு? இதற்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது.

2022 நவம்பரில் கனடாவில் ஒருவரின் பாட்டி இறந்துபோனார். பேரன் வான்கூவரிலிருந்து டொரான்டோ போக வேண்டும். நெருங்கிய உறவினரின் சாவுக்குப் போகிறவர்களுக்கு ஏர் கனடாவில் சலுகைக் கட்டணம் உண்டு. நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் விவரம் கேட்டார். டிக்கெட் எடுத்த 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் வித்தியாசத் தொகை திரும்பக் கிடைக்கும் என்றது அது. நம்பி முழுக் கட்டணத்தில் போய் வந்தார். விண்ணப்பித்தபோது, பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது, அதே இணையதளத்தின் இன்னொரு பக்கத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறதே என்றது நிறுவனம்.

விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிறு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போனது. சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற பொருளில் நிறுவனம் வாதிட்டது. தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஒதுக்கித் தள்ளியது. இணையதளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு. அது சாதாரணப் பக்கத்தில் இருந்தாலும் சாட்பாட் வாயிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். கொடுக்கச் சொன்ன தொகை வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812 கனடிய டாலர் மட்டுமே. ஆனாலும் உலகம் முழுக்க நிறுவன வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்திருப்பார்கள்.

நாற்காலிக்கு வாடகையா, தீர்வுக்குக் கூலியா?

சென்னைக்கு வருவோம். கிரிஷ் மாத்ருபூதம் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது சாமான்களோடு வந்த டி.வி. உடைந்துபோனது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் பலன் இல்லை. இணையக் குழு ஒன்றில் புலம்பி எழுதினார், உடனே பணம் வந்தது. வாடிக்கையாளர் குறை கேட்கும் விதமே மாறிவிட்டது என்று அவருக்குப் பொறி தட்டிய இடம் அது. 2010ல், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் விற்கும் அவருடைய ஃபிரெஷ்டெஸ்க் நிறுவனம் பிறந்தது. ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

இந்த வகை மென்பொருளின் வியாபாரக் கணக்கு எளிமையானது: வாங்கும் நிறுவனத்தில் எத்தனை ஏஜென்ட் உட்காருகிறார்களோ, அத்தனை நாற்காலிக்கு மாத வாடகை. இப்போது அந்த மென்பொருளுக்குள்ளேயே ஏஐ ஏஜென்ட்டையும் விற்கிறார்கள். அது நன்றாக வேலை செய்தால் நாற்காலி குறையும். நாற்காலி குறைந்தால் வாடகை குறையும். சரக்கு நன்றாக இருந்தால் வருமானம் படுக்கும் என்ற விசித்திரமான நிலை. ஆகவே கணக்கையே மாற்றுகிறார்கள். இன்டர்காம் நிறுவனம் 2023ல் தன் ‘ஃபின்’ என்ற ஏஐ ஏஜென்ட் தீர்த்துவைக்கும் ஒவ்வொரு பிரச்சினைக்கும் 99 சென்ட் என்று விலை போட்டது. ஜென்டெஸ்க் 2024ல் அதே பாதைக்கு வந்தது. ஃபிரெஷ்வொர்க்ஸ் தன் ‘ஃபிரெடி’க்கு உரையாடல் எண்ணிக்கைப்படி வசூலிக்கிறது. மாதச் சம்பளம் போய் பீஸ் ரேட் வந்துவிட்டது. மனிதருக்கு அல்ல, மென்பொருளுக்கு.

இதில் சண்டைக்கு இடம் நிறைய. ‘தீர்ந்தது’ என்பதை யார் முடிவு செய்வது? வாடிக்கையாளர் திருப்தியாகி சாட்டை மூடினாரா, வெறுத்துப்போய் மூடினாரா? இரண்டுக்கும் திரையில் ஒரே அமைதிதான்.

திருப்பிப் போட்ட கணக்கு

2025 ஆகஸ்டில் பிரின்யால்ஃப்சன் இன்னும் இருவரோடு சேர்ந்து மற்றோர் ஆய்வை வெளியிட்டார். ஏடிபி என்ற நிறுவனம் கையாளும் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்துச் செய்தது. ஏஐ அதிகம் புகுந்த தொழில்களில், 22 முதல் 25 வயதுக்காரர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதிக்குப் பிறகு மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் சரிந்திருந்தது. மென்பொருள் எழுதுவதும் வாடிக்கையாளர் சேவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே தொழில்களில் வயதில் மூத்தவர்களின் வேலை நிலையாக இருந்தது, அல்லது கூடியது. சரிவுக்கு வட்டி விகிதம் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற விவாதம் பொருளாதார ஆய்வாளர்களிடையே ஓயவில்லை.

ஸ்ட்ரோஜரின் கருவி உள்ளே இருந்த ஆபரேட்டரை வெளியேற்றியது, வாசலில் நின்ற பெண் வேறு கதவைத் தட்டினாள். இம்முறை உள்ளே இருப்பவர் இருக்கிறார், வாசல் ஒடுங்குகிறது. புதியவருக்கே அதிகம் கைகொடுக்கிறது என்று முதல் ஆய்வு கண்ட அதே வகைத் தொழில்நுட்பம், புதியவரை வேலைக்கு எடுக்கும் காரணத்தையே குறைக்கிறதோ என்ற சந்தேகம் இரண்டாவது ஆய்வில் எழுகிறது.

கால் சென்டரில் சேர்பவர் முதல் சில வாரங்கள் பாஸ்வேர்ட் மாற்றித் தருவது, ஆர்டர் எங்கே வருகிறது என்று பார்த்துச் சொல்வது போன்ற சில்லறை வேலைகளில்தான் கை பழகுவார். இப்போது அவையெல்லாம் சாட்பாட்டுக்குப் போய்விடுகின்றன. முதல் நாள் ஹெட்செட் மாட்டும் பெண்ணுக்கு வந்து விழும் முதல் அழைப்பு, சாட்பாட்டோடு இருபது நிமிடம் மல்லுக்கட்டித் தோற்று, ‘மனுஷன் யாராவது இருக்கீங்களா?’ என்று கத்தும் வாடிக்கையாளருடையது. அந்த அழைப்பைச் சமாளிக்கும் பக்குவத்தை அவர் எங்கே கற்பார்?

அடுத்த வாரம் இதே கேள்வியோடு மென்பொருள் எழுதுகிறவர்களின் இருக்கைக்குப் போகிறோம்.

(தொடரும்)