கண்ணை நம்பாதே, மீட்டரைக் கேள்

காலை ஏழு மணி. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்பும் கார்களில், அமெரிக்காவின் பகலுக்காக இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் தலைசாய்த்திருக்கிறார்கள். முகத்தில் வெயில் அடிக்கிறது. அவர்களுக்கு அது எரிச்சல். உடம்புக்கோ 'விடிந்துவிட்டது' என்ற தகவல். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் தூக்கம் வர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு வெளிச்சம் பட்டது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அலுவலக மேஜையில் 300 முதல் 500 லக்ஸ். உச்சிவெயிலில் ஒரு லட்சம். கண் இரண்டுக்கும் பழகிக்கொண்டு வித்தியாசத்தை மறைத்துவிடும். எனவேதான் உடலில் அணியும் ஒளிமானிகள் பிறந்தன. அமெரிக்காவின் ரென்சலேர் கல்விநிலையத்தில் உருவான 'டேசிமீட்டர்' அவற்றில் ஒன்று. பிரேசிலின் 'ஆக்ட்லுமஸ்' கைக்கடிகாரம் போலவே இருக்கிறது.

வெளிச்சத்துக்கும் உடல் கடிகாரத்துக்கும் உள்ள உறவு தமிழர்களுக்குப் புதிதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் மறைந்த பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், வெளியுலகின் நேரம் தெரியாத அறையில் மனிதர்களைத் தங்கவைத்து ஆராய்ந்தார். பிற்பாடு அவர் பணியாற்றியதும் பெங்களூரில்தான். உடல் கடிகாரத்துக்குத் தகவல் தரும் விழித்திரை செல்கள் 2002இல் அடையாளம் காணப்பட்டன. நீல ஒளிக்கு அவை அதிகம் மசிகின்றன. அதனால் புதிய மானிகள் வெளிச்சத்தின் அளவோடு நிறத்தையும் பிரித்துப் பதிவு செய்கின்றன.

கருவியில் குறை உண்டு. மணிக்கட்டில் கட்டினால் முழுக்கைச் சட்டை மறைத்துவிடும். கண்ணருகே மாட்டினால் துல்லியம் கூடும். ஆனால் யார் மாட்டிக்கொண்டு திரிவார்கள்? நெஞ்சில் தொங்கவிடலாம். அடையாள அட்டை தொங்காத கழுத்து எலெக்ட்ரானிக் சிட்டியில் அபூர்வம்தானே!

பெரிய சிக்கல் வேறு. விஞ்ஞானிகள் 2022இல் வெளியிட்ட அளவுகள் (நீல ஒளிக்கு முக்கியத்துவம் தரும் கணக்கில் பகலில் குறைந்தது 250 லக்ஸ், படுக்கும் முன் மூன்று மணி நேரம் 10க்கு மிகாமல்) பகலில் உழைப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆக, அதிகம் அளக்கப்பட வேண்டியவர் இரவு ஊழியர்தான். காலைப் பயணத்தில் கறுப்புக் கண்ணாடி உதவுகிறதா, படுக்கையறைத் திரை போதுமா என்பதை அவருக்கு ஒளிமானி காட்டிக்கொடுக்கும்.

எப்போது வெளியே போனார், எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தார் என்பதையும் அதே கருவி காட்டிக்கொடுக்கும். கம்பெனியே இலவசமாகத் தந்தால், கழுத்தில் மாட்டுவதற்குமுன் அந்தப் பதிவு யார் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்று ஊழியர் கேட்டுவிடுவது நல்லது.