சாயங்காலமானால் சரியும் இமை

"காலையிலே நல்லாத்தான் இருக்கேன். சாயங்காலமானா கண் இமை தானா சரிஞ்சுடுது. ராத்திரி சாதத்தை மென்னு முழுங்கறதுக்குள்ளே தாடை ஓஞ்சு போயிடுது" என்று ஓர் இளம் தாய் சொன்னால் வீட்டில் என்ன பதில் வரும்? "குழந்தை தூங்க விடலை, அதான்" என்பார்கள். "வேலைன்னா சோம்பல்" என்று முணுமுணுப்பவர்களும் உண்டு.

சகோதரிகளே, இது சோம்பல் அல்ல. 'மயஸ்தீனியா கிரேவிஸ்' என்ற தசைச் சோர்வு நோயாக இருக்கலாம். 40 வயதுக்கு உட்பட்டவர்களில் இது ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பிடிக்கிறது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, தலை வாரக் கை தூக்க முடியாமல் போவது ஆகியவையும் இதன் அறிகுறிகளே.

தசை அசைவது எப்படி? நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரக்கிறது. அது சாவி என்றால், தசையின் மேலுள்ள ஒரு வகைப் புரதம்தான் பூட்டு. கிருமிகளோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்புப் பொருள்கள் வழி தவறி, இந்தப் பூட்டுகளையே பாழாக்கிவிடுகின்றன. மிஞ்சிய பூட்டுகளைக் கொண்டு தசை கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். ஓய்வெடுத்தால் மறுபடி தெம்பு வரும்.

1973-ல் அமெரிக்காவில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் என்ற இரு விஞ்ஞானிகள், மின்விலாங்கிலிருந்து எடுத்த இந்தப் புரதத்தை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். முயல்கள் துவண்டு போயின! நோயின் சூட்சுமம் அப்போதுதான் துலங்கியது.

ஆனால் மருந்துக்கு வழி முன்பே பிறந்துவிட்டது. 1934-ல் இங்கிலாந்தில் டாக்டர் மேரி வாக்கர் என்ற பெண்மணி, அசிட்டைல்கோலின் சீக்கிரம் அழியாமல் தடுக்கும் ஊசியைப் போட்டுப் பார்த்தார். சரிந்த இமை உயர்ந்தது! இன்றைய பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அதே வழியில் வந்ததுதான். ஸ்டீராய்டு மருந்துகளும், சிலருக்கு நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியை அகற்றும் ஆபரேஷனும் பலன் தருகின்றன.

கவனிக்க வேண்டியவை: சிரமமான வேலைகளைக் காலையிலேயே முடியுங்கள். குழைந்த சாதம், கூழ் போன்ற மெல்லச் சுலபமான உணவாகச் சாப்பிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இந்த நோயைச் சொல்லிவிடுங்கள். சில ஆன்டிபயாடிக் மருந்துகள் சோர்வை அதிகமாக்கும். கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரைக் கலந்துகொள்ளுங்கள். பிறக்கும் குழந்தை சில வாரங்கள் பால் குடிக்கத் திணறலாம். உரிய கவனிப்பு இருந்தால் சரியாகிவிடும். மூச்சு முட்டினாலோ, எச்சில்கூட விழுங்க முடியாவிட்டாலோ அரை நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள்.

வீட்டில் யாராவது "சாயங்காலமானா முடியலை" என்றால், கோபிக்கும் முன் அவள் கண் இமையைக் கொஞ்சம் கவனியுங்களேன்!